ஒரே ஓடர் இரண்டு தடவை போனபோது: ஒட்டுசுட்டானிலிருந்து கொழும்புப் பங்குச் சந்தை வரை

2025 ஜனவரியில், தைப்பொங்கலுக்கு அடுத்த திங்கட்கிழமை வன்னியில் நடந்த ஒரு சம்பவத்தின் பதிவு இது. சம்பந்தப்பட்ட இருவரும், ஒரு ரீச்சரும் அவருடைய பெறாமகனும், எழுதச் சம்மதித்தார்கள். அவர்களுடைய பெயரும் தரகு நிறுவனத்தின் பெயரும் வாங்கிய பங்கின் பெயரும் இங்கே வராது. நான் கிளிநொச்சியில் கணக்கு வேலை செய்கிறேன். பங்குச் சந்தை பற்றிக் கேட்டு வருபவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. அப்படித்தான் இந்த விஷயம் என்னிடம் வந்தது. கையடக்கப் போனில் பங்கு வாங்குபவர்கள் இப்போது பரந்தனிலும் இருக்கிறார்கள், புதுக்குடியிருப்பிலும் இருக்கிறார்கள். பொத்தானை அழுத்திய பிறகு அந்த ஓடர் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, யார் அதை நிறைவேற்றுகிறார்கள் என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால்தான் இதை முழுதாக எழுதுகிறேன்.

பின்னணி

ரீச்சர் ஓய்வுபெற்றவர், அறுபதைத் தாண்டியவர். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே விலகி, ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருக்கிறார். 2023இன் நடுப்பகுதியிலிருந்து நிலையான வைப்புக்கான வட்டி இறங்கத் தொடங்கியபோது, பணிக்கொடையில் ஒரு பகுதியை எடுத்து ஒரு வங்கியின் பங்குகளை வாங்கினார். கணக்குத் திறந்தது போனிலேயே. 2020இலிருந்து, பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் மத்திய வைப்பகத்தில், அதாவது சீ.டி.எஸ்.இல், கொழும்புக்குப் போகாமலே கணக்குத் திறக்கலாம். வாங்கிய வங்கிப் பங்கு நன்றாக ஏறியது. சம்பவம் நடந்த நேரம் அதன் பெறுமதி கிட்டத்தட்ட 9 இலட்சம் ரூபாய்.

போனில் எல்லாவற்றையும் அமைத்துக்கொடுத்தவர் அவருடைய பெறாமகன், தங்கையின் மகன். இருபத்தாறு வயது, கிளிநொச்சி நகரில் வேலை. பாஸ்வேர்ட் இருவருக்கும் தெரியும். “பெரியம்மாவுக்கு ஏதும் சிக்கல் வந்தால் நான் பார்க்கலாம் எண்டுதான்” என்று அவர் பின்னர் சொன்னார். இந்தக் கதையில் அந்தப் பாஸ்வேர்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு கொழும்புச் சந்தை வேகமாக ஏறியது. டிசம்பரில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 15,000ஐத் தாண்டியது. அந்த நேரம் ரீச்சரின் வைப்பு ஒன்று முதிர்ந்தது. அதில் 500,000 ரூபாயைத் தரகரின் கணக்கில் போட்டு, ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கு 10,000 வாங்க நினைத்தார். கடைசியாகக் கைமாறிய விலை 42 ரூபாய். 420,000 ரூபாய்க்கு வாங்கினால், 1.12 சதவீதக் கட்டணமும் சேர்ந்து 424,704 ரூபாய். கையில் இருந்த பணத்துக்குள் அடங்கும் கணக்கு.

அவர் கவனிக்காத ஒன்று இருந்தது. கையிருப்பில் உள்ள வங்கிப் பங்குகளை வைத்து, அவற்றின் பெறுமதியில் பாதிவரை தரகர் கூடுதல் கொள்வனவு வலு, அதாவது கடனில் வாங்கும் வசதி, கொடுத்திருந்தார். செயலியில் தெரிந்த தொகை 950,000 ரூபாய். ரீச்சர் அதைத் தன்னுடைய மொத்தச் சொத்து என்று நினைத்திருந்தார்.

அன்று காலை

வீட்டுக்குள் சிக்னல் வராது. முற்றத்து வேம்பின் கீழ் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருக்கிறார், அங்கேதான் நாலு கோடு காட்டும். 9.30க்குச் சந்தை திறந்தது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 9.41க்கு ஓடரைப் போட்டார். எண்ணிக்கை 10,000. விலை வகை என்ற இடத்தில் செயலி தானாகவே “மார்க்கெட்”, அதாவது சந்தையில் கிடைக்கும் விலைக்கு, என்று காட்டியது, அவர் அதை மாற்றவில்லை. கீழே மதிப்பீட்டுத் தொகை 420,000 என்று வந்தது. உறுதிப்படுத்தினார்.

திரையில் சிறிய வட்டம் சுற்றிக்கொண்டு “அனுப்பப்படுகிறது” என்று நின்றது. நின்றபடியே நின்றது. இரண்டு மூன்று நிமிடம் பார்த்துவிட்டுப் பெறாமகனுக்குக் கோல் எடுத்தார். டேட்டா போகாத நேரத்திலும் அங்கே கோல் போகும். “தம்பி, ஓடர் போகுதில்லை. நீ அங்கயிருந்து போட்டுவிடு” என்றார்.

அவர் கிளிநொச்சியிலிருந்து அதே பாஸ்வேர்ட்டில் உள்ளே போனார். நேரே அந்தப் பங்கின் பக்கத்தைத் திறந்தார். கடைசி விலை 44.00 என்று இருந்தது. பெரியம்மா 42 என்றாரே, அதற்குள் இப்படி ஓடுகிறதா என்று பதறினார். விலை இன்னும் மேலே போகமுதல் பிடித்துவிட வேண்டும் என்று 45.50 ரூபாய் எல்லை வைத்து, 10,000 பங்குக்கு லிமிட் ஓடர், அதாவது அந்த எல்லைக்கு மேல் வாங்காத ஓடர், போட்டார். நேரம் 9.48.

விலையை 44க்கு ஏற்றியது பெரியம்மாவின் ஓடர்தான் என்பது அவருக்குத் தெரியாது. சொந்த வீட்டின் ஓடரைத் துரத்திக்கொண்டு போய் அவர் வாங்கினார்.

அடுத்த இரண்டு நிமிடத்தில் ஓடர் கொஞ்சம் கொஞ்சமாக நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “ஓடர்கள்” என்ற பக்கத்துக்குப் போனார். அங்கே இரண்டு வரி இருந்தது. முதல் வரியில் 10,000, முழுதாக நிறைந்தது. இரண்டாவதில் 8,800 நிறைந்து 1,200 மிச்சம். மிச்சத்தை உடனே ரத்துச் செய்தார். பதினொரு மணியளவில் எனக்குக் கோல் வந்தது.

ஓடர் போகும் வழி

இரண்டு நாளில் தரகரிடமிருந்து ஓடர் பதிவேட்டைக் கேட்டு வாங்கினோம். அதை வைத்து நடந்ததை நொடிக்கு நொடி சொல்லலாம். அதற்கு முன் வழியைச் சொல்லிவிடுகிறேன்.

போனில் அழுத்தியது முதலில் போவது தரகு நிறுவனத்தின் ஓடர் முகாமைத்துவ சேவருக்கு. அங்கே கணக்கில் பணம் அல்லது கொள்வனவு வலு இருக்கிறதா, எண்ணிக்கையும் விலையும் விதிக்குள் இருக்கின்றனவா என்று ஒரு சோதனை நடக்கும். அதைத் தாண்டினால் ஃபிக்ஸ் என்ற செய்தி முறையில் சந்தையின் தன்னியக்க வர்த்தகத் தொகுதிக்குப் போகும். 1992இல் அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்களுக்கிடையே தொடங்கிய அந்த முறை இன்று உலகம் முழுக்கப் பங்கு ஓடர்களின் பொது மொழி. கொழும்பில் தன்னியக்க வர்த்தகம் 1997இல் வந்தது. இதில் நாம் குறைந்த இடத்தில் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். இலங்கையில் வர்த்தக மென்பொருள் எழுதிய மில்லெனியம் ஐடி நிறுவனத்தை 2009இல் லண்டன் பங்குச் சந்தை விலைக்கு வாங்கியது. 2011இல் தன் பங்கு வர்த்தகத்தையே அந்த மென்பொருளுக்கு மாற்றியது.

தொகுதிக்குள் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு ஓடர் புத்தகம் உண்டு. ஒரு பக்கம் வாங்குபவர்கள், மறுபக்கம் விற்பவர்கள். நல்ல விலைக்கு முதலிடம், ஒரே விலையென்றால் முதலில் வந்தவருக்கு முதலிடம். பொருத்தம் கிடைத்த கணமே பங்கு கைமாறும். அந்தச் செய்தி வந்த வழியே திரும்பி, தரகரின் சேவருக்கு வந்து, அங்கிருந்து போனுக்கு வரவேண்டும்.

ரீச்சரின் ஓடர் தரகரின் சேவருக்கு 9.41.08க்கு வந்திருக்கிறது. அதே நொடியில் சோதனை முடிந்து சந்தைக்குப் போயிருக்கிறது. 9.41.09க்கு முழு 10,000 பங்கும் வாங்கியாயிற்று. திரும்பி வந்த செய்தி தரகரின் சேவர் வரைக்கும் ஒழுங்காக வந்தது. அங்கிருந்து ஒட்டுசுட்டானுக்கு வரமுடியவில்லை, போனின் இணைப்பு அதற்குள் அறுந்துவிட்டது. “அனுப்பப்படுகிறது” என்று திரை காட்டிக்கொண்டிருந்த அத்தனை நிமிடமும் பங்கு அவருடைய பெயரில் இருந்தது.

இந்த இடத்தை எல்லோரும் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். “அனுப்பப்படுகிறது” என்பது போன் தன்னைப் பற்றிச் சொல்லும் செய்தி. பதில் இன்னும் எனக்கு வரவில்லை என்பதுதான் அதன் பொருள். ஓடர் போகவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. சந்தையிலிருந்து வரும் நிலைகள் வேறு: ஏற்கப்பட்டது, பகுதி நிறைந்தது, முழுதாக நிறைந்தது, நிராகரிக்கப்பட்டது, ரத்தானது. இவற்றில் ஒன்றைக் காணும்வரை ஓடர் எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்லமுடியாது.

அப்போ இரண்டாவதைத் தொகுதி ஏன் தடுக்கவில்லை என்று பெறாமகன் கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு ஓடருக்கும் அனுப்பும் பக்கம் ஒரு இலக்கம் போடுகிறது. அதே இலக்கம் திரும்ப வந்தால் தொகுதி ஏற்காது. மனிதர் புதிதாகத் தட்டிப் போட்டால் அதற்குப் புது இலக்கம். ஒரே ஆள் ஒரே பங்கை ஏழு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை வாங்குவது சந்தையில் சாதாரணம், அதைத் தவறு என்று தொகுதிக்குத் தெரிய வழியில்லை.

ஓடர் புத்தகத்தில் நடந்தது

9.41க்கு அந்தப் பங்கின் விற்பனைப் பக்கம் இப்படி இருந்திருக்கிறது:

42.00 ரூபாய்க்கு 1,200
42.30க்கு 800
42.60க்கு 2,000
43.00க்கு 1,500
43.50க்கு 2,500
44.00க்கு 3,000
44.40க்கு 1,500
45.00க்கு 3,000
45.50க்கு 1,000

கடைசி விலை 42 என்றால் எத்தனை வேண்டுமானாலும் 42க்குக் கிடைக்கும் என்று ரீச்சர் நினைத்திருந்தார். அவரிடம் நான் சொன்னது: கிளிநொச்சிச் சந்தையில் கத்தரிக்காய் கிலோ இன்ன விலை என்று முதல் கடையில் கேட்டுவிட்டு, நூறு கிலோ வேணும் என்றால், முதல் கடையில் இருப்பது பத்துக் கிலோதான். மிச்சத்துக்கு அடுத்த அடுத்த கடைக்காரர் சொல்லும் விலையைத்தான் கொடுக்கவேண்டும். மார்க்கெட் ஓடர் என்பது விலை கேட்காமல் கடை கடையாக வாங்கிக்கொண்டு போவது.

முதல் ஓடர் 42.00இலிருந்து 44.00வரை ஆறு விலைகளில் வாங்கியது. கடைசி விலையில் 3,000இல் 2,000 எடுத்தது. மொத்தம் 430,690 ரூபாய், சராசரி 43.07. அவர் மனதில் வைத்திருந்த 420,000ஐவிட 10,690 ரூபாய் கூட.

இரண்டாவது ஓடர் மிச்சமிருந்த 1,000த்தை 44.00க்கு எடுத்து, 45.50வரை ஏறி 6,500 பங்கு வாங்கியது. அதோடு விற்பனைப் பக்கம் 45.50வரை காலி. மிச்சம் 3,500 பங்குக்கான ஓடர் இப்போது வாங்கும் பக்கத்தில் 45.50 விலையோடு உட்கார்ந்தது. கால் மணி நேரத்துக்கு முன் 42க்குப் போன பங்குக்கு 45.50 தருகிறேன் என்று ஒருவர் நிற்பதைச் சந்தை முழுவதும் பார்த்தது. விற்க நினைத்தவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த நிமிடங்களில் 2,300 பங்கை அந்த விலைக்கே கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஓடரின் மொத்தம் 8,800 பங்கு, 395,750 ரூபாய், சராசரி 44.97.

லிமிட் ஓடர் பாதுகாப்பானது என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. புத்தகத்தைப் பார்க்காமல் மிக உயரத்தில் வைத்த எல்லை, மார்க்கெட் ஓடர் செய்ததையே செய்தது. நிறையாத மிச்சத்தையும் எல்லோரும் பார்க்க வெளியில் வைத்தது.

வீடியோவில் கற்றதும் இங்கே உள்ளதும்

பெறாமகன் கவனமில்லாதவர் அல்ல. நிறையப் படித்திருந்தார், யூடியூபில் தமிழில் வரும் பங்குச் சந்தை வீடியோக்களை ஒழுங்காகப் பார்ப்பவர். “கொஞ்சம் கூட்டி லிமிட் போட்டாலும் தரகரின் சிஸ்டம் நல்ல விலை எங்க இருக்கெண்டு தேடி எடுக்கும்தானே” என்றார். அவர் இதை எங்கிருந்து எடுத்தார் என்று எனக்கு விளங்கியது.

அமெரிக்காவில் ஒரு பங்கு பல இடங்களில் கைமாறும். 1969இல் தொடங்கிய இன்ஸ்டிநெட், 1990களில் வந்த ஐலண்ட், ஆர்ச்சிபெலகோ போன்ற மின்னணு வர்த்தக வலையமைப்புகள், சந்தைக்கு வெளியேயும் வாங்குபவரையும் விற்பவரையும் நேரே பொருத்தின. 1997இல் அங்கே வந்த ஓடர் கையாளும் விதிகள் அவற்றின் விலைகளை எல்லோரும் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவந்தன. 2005இல் கொண்டுவந்த விதித் தொகுப்பின்படி, வேறொரு இடத்தில் இதைவிட நல்ல விலை தெரியும்போது அதைத் தாண்டி மோசமான விலையில் ஓடரை நிறைவேற்றக் கூடாது. அதனால் அங்கே தரகரின் மென்பொருள் ஒரு ஓடரைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பி நல்ல விலை தேடும். பிறகு அந்த வலையமைப்புகளே பெரிய சந்தைகளோடு இணைந்துவிட்டன. ஆர்ச்சிபெலகோ 2006இல் நியூயோர்க் சந்தையோடு சேர்ந்தது. இந்தியாவிலும் ஒரே பங்கு தேசியப் பங்குச் சந்தையிலும் மும்பைப் பங்குச் சந்தையிலும் கைமாறுவதால் அங்கே இந்தத் தேடலுக்குக் கொஞ்சம் இடம் உண்டு.

இலங்கையில் ஒரே ஒரு சந்தை. ஒரு பங்குக்கு ஒரு புத்தகம். நீங்கள் எந்தத் தரகரிடம் போட்டாலும் ஓடர் போய் நிற்பது அதே புத்தகத்தில், அதே வரிசையில். எனவே தேடி எடுக்க வேறு இடம் இல்லை. புத்தகத்தில் 45.00க்கு மட்டும்தான் விற்பவர் இருந்தால் உங்கள் விலை 45.00. தமிழ்நாட்டிலிருந்து வரும் வீடியோக்கள் நல்ல தமிழில் நன்றாகவே சொல்லித்தருகின்றன. நம் பிள்ளைகள் அவற்றைப் பார்ப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வாங்கிய பங்குக்குப் பணம் தீர்க்கும் நாள்கூட வேறு. இந்தியாவில் வாங்கிய மறுநாள், இங்கே இரண்டாவது வேலைநாள். இந்த வேறுபாடுகளை இங்குள்ள சந்தையை வைத்துத் தமிழில் சொல்லும் ஆட்கள் நமக்குத் தேவை.

அன்று மதியம் எடுத்த முடிவு

கோல் வந்ததும் மூன்று விஷயம் கேட்டேன்: ஓடர்கள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட், காசு மீதி, கையிருப்புப் பட்டியல். அதுவரை யாரும் செயலியைத் தொடவேண்டாம் என்றேன். பதறி உடனே விற்கப்போவதுதான் இரண்டாவது அடியாக வரும்.

மொத்தம் 18,800 பங்கு, 826,440 ரூபாய். கட்டணம் 9,256. தீர்க்கவேண்டியது 835,696. கையில் 500,000. புதன்கிழமைக்குள் 335,696 ரூபாய் வேண்டும். இல்லையென்றால் தரகர் வட்டி போடுவார், அதன் பிறகு தாங்களாகவே பங்கை விற்று எடுப்பார்கள், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது.

நகையை அடகு வைப்பதைப் பற்றிப் பெறாமகன் மெதுவாகப் பேச்செடுத்தார். ரீச்சர் ஒரேயடியாக மறுத்தார். “2009இல எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள் பிள்ளை. இது மகளுக்கெண்டு திரும்பச் சேர்த்தது. இதைத் தொடமாட்டன்.” அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசவும் கூடாது.

அடுத்த வழி, கூடுதலாக வாங்கிய 8,800ஐ உடனே விற்பது. நண்பகலில் வாங்கும் பக்கத்தைப் பார்த்தோம். 42.20க்கு 600 பங்குதான் கேட்டிருந்தார்கள். 42.00க்கு 1,500, 41.50க்கு 2,000, 41.00க்கு 3,500, பிறகு 40.50. முழுவதையும் தள்ளினால் கட்டணம் போக 359,350 ரூபாய் வரும். பணம் போதும், ஆனால் அந்த 8,800க்கு அவர் கட்டணத்தோடு கொடுத்தது 400,182. சில நொடிகளில் 40,800 ரூபாய்க்கு மேல் நட்டம்.

மூன்றாவது வழி வங்கிப் பங்கு. அதன் புத்தகம் வேறு மாதிரி. 140.00க்கு வாங்குபவர்கள், 140.25க்கு விற்பவர்கள், இரண்டு பக்கமும் பல்லாயிரக்கணக்கில். நம்முடைய விற்பனை அதில் தெரியாமலே போய்விடும். அன்றே விற்றால் அந்தப் பணமும் அதே புதன்கிழமைதான் வரும், தீர்க்கவேண்டியதோடு சரிசமமாகும். பிறகு கூடுதல் பங்குகளை அவசரமில்லாமல் விற்கலாம்.

ரீச்சர் தயங்கினார், பங்குலாபத்துக்காக வைத்திருந்த பங்கு அது. கடைசியில் சம்மதித்தார். 140.00 எல்லையில் 2,430 பங்கு விற்கப்பட்டது. கட்டணம் போக 336,390 ரூபாய். ஒரு மணிக்கு முன்னரே முடிந்தது. ரீச்சரே தன் போனில் போட்டார். “முழுதாக நிறைந்தது” என்று வரும்வரை வேம்பின் கீழேயே இருந்தார்.

தரகரிடம் கேட்டது

பதிவேட்டைத் தயங்காமல் கொடுத்தார்கள், அதற்கு நன்றி. நட்டத்தைப் பற்றிய பதில் சுருக்கம்: இரண்டு ஓடரும் வாடிக்கையாளரின் பாஸ்வேர்ட்டில் வந்தவை, இரண்டும் சோதனையைத் தாண்டின, தொகுதியில் பிழை இல்லை. பாஸ்வேர்ட்டை வேறொருவருக்குக் கொடுக்கமாட்டேன் என்று கணக்குத் திறக்கும்போதே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். தரகரின் பதில் போதவில்லை என்றால் சந்தைக்கும், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். இருவரும் பேசி, முறையிடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். பாஸ்வேர்ட் விஷயத்தில் நிற்க இடம் இல்லை.

இதில் தரகர் சட்டப்படி சரி. ஆனால் செயலி காட்டிய செய்தியை நான் அவ்வளவு எளிதாக விடமாட்டேன். பதில் வராத ஓடரை “அனுப்பப்படுகிறது” என்று காட்டுவது ஆளை இன்னொரு ஓடர் போடத் தூண்டும். “நிலை தெரியவில்லை, திரும்பப் போடவேண்டாம், ஓடர்கள் பக்கத்தைப் பாருங்கள்” என்று தமிழில் ஒரு வரி காட்டுவது கடினமான வேலை இல்லை. விலை வகையில் மார்க்கெட்டைத் தானாகத் தெரிவுசெய்து வைப்பதும், குறைவாகக் கைமாறும் பங்குகளில் மிக ஆபத்தானது. இரண்டையும் எழுத்தில் கொடுத்தோம்.

ரீச்சரின் வேண்டுகோளின்படி கூடுதல் கொள்வனவு வலுவை எடுத்துவிட்டார்கள். இப்போது கணக்கில் உள்ள காசுக்கு மட்டும்தான் வாங்கலாம். அந்தத் திங்கட்கிழமை இப்படி இருந்திருந்தால் இரண்டாவது ஓடர் சோதனையிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கும். முதல் ஓடருக்குப் பிறகு கணக்கில் மிச்சம் 65,000க்கும் குறைவு.

அடுத்த வாரங்கள்

கூடுதல் 8,800 பங்கும் பெப்ரவரி கடைசிக்குள் சிறு சிறு லிமிட் ஓடர்களாக விற்கப்பட்டது. 43 ரூபாய்க்குக் கீழே கொடுப்பதில்லை என்று வைத்திருந்தோம். சில நாள் ஒன்றும் போகாது, சில நாள் ஐந்நூறு, ஆயிரம் போகும். சராசரி 43.20. கட்டணம் போக 375,902. ஆகவே அந்த 8,800இல் நட்டம் 24,280 ரூபாய்.

கணக்கு அதோடு முடியவில்லை. அந்தப் பணத்தில் வங்கிப் பங்கைத் திரும்ப வாங்கும்போது விலை 142 ஆகியிருந்தது. 2,430 பங்கையும் மீட்க, விற்றபோது வந்ததைவிட 12,535 ரூபாய் கூடச் செலவானது. இரண்டையும் கூட்டினால் 36,815. அன்றே கூடுதல் பங்கைத் தள்ளியிருந்தால் 40,833 போயிருக்கும். மிச்சம் பிடித்தது சுமார் 4,000 ரூபாய்தான். அந்தச் சிறிய பங்கு இந்த வாரங்களில் இறங்கியிருந்தால் கணக்கு மறுபக்கம் சாய்ந்திருக்கும். இதைத் தெரிந்தே எழுதுகிறேன். பொறுமையாக விற்றால் எப்போதும் நல்லது என்று யாரும் இதிலிருந்து எடுக்கவேண்டாம். ஆழமான புத்தகம் உள்ள பங்கை முதலில் விற்று நேரம் வாங்கினோம், அந்த நேரத்துக்கும் ஒரு விலை இருந்தது.

முதலில் வாங்கிய 10,000 பங்கை ரீச்சர் வைத்திருக்கிறார். அந்த நிறுவனத்தில் அவருக்கு நம்பிக்கை உண்டு.

இனி எப்படி

பாஸ்வேர்ட்டை ரீச்சர் மாற்றிவிட்டார். பெறாமகன் தன் பெயரில் தனிக் கணக்குத் திறந்தார். பெரியம்மாவின் ஓடரை இனி அவர் போடுவதில்லை, கோலில் பேசி உதவுவதோடு சரி.

சிக்னல் விழுந்து திரை நின்றால் செய்யவேண்டியது ஒன்றுதான்: டேட்டா வரும்வரை காத்திராமல், தரகரின் முதலீட்டு ஆலோசகருக்குக் கோல் எடுப்பது. அவருடைய திரையில் ஓடர் எங்கே நிற்கிறது என்று தெரியும், தேவைப்பட்டால் அங்கிருந்தே ரத்துச் செய்வார். நம் பக்கங்களில் டேட்டா போனாலும் கோல் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆலோசகரின் இலக்கத்தை ரீச்சர் இப்போது போனின் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். கோல் எடுக்க முடியாவிட்டால், இணைப்பு வந்ததும் முதலில் ஓடர்கள் பக்கம். பங்கின் பக்கம் அதற்குப் பிறகுதான்.

குறைவாகக் கைமாறும் பங்கு வாங்க வருபவர்களுக்கு இப்போது நான் முதலில் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறேன். விற்பனைப் பக்கத்தின் முதல் இரண்டு மூன்று விலைகளில் எவ்வளவு நிற்கிறது என்று கூட்டச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது அதைவிட அதிகம் என்றால் ஒரே ஓடரில் கேட்காதீர்கள். 10,000 வேண்டுமென்றால் 42.00க்கு 2,000 கேட்டுவிட்டு விடுங்கள். நிறைந்தால் அடுத்தது, நிறையாவிட்டால் நாளைக்கு. ரீச்சர் அன்று 42.30க்கு எல்லை வைத்திருந்தால் 2,000 பங்கு உடனே வந்திருக்கும், மிச்சம் வரிசையில் நின்றிருக்கும், விலையும் 44க்கு ஓடியிருக்காது. ஓடாத விலையைக் கண்டு பெறாமகனும் பதறியிருக்கமாட்டார்.

தரகு நிறுவனத்துக்கு எழுதிய இரண்டு கோரிக்கைகளில், மார்க்கெட் தானாகத் தெரிவாகும் அமைப்பை வாடிக்கையாளர் மாற்றிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. ரீச்சரின் போனில் அதை மாற்றியாயிற்று. “அனுப்பப்படுகிறது” என்ற செய்தி இதை எழுதும்வரை அப்படியேதான் இருக்கிறது. திரும்பவும் கேட்டு எழுதியிருக்கிறோம்.